நிலமில்லாத சபையின் அறுப்பின் பண்டிகை

எங்கள் சபையில் ஆண்டுதோறும் அறுப்பின் பண்டிகை நடக்கும். வாழைக்குலை, பூசணிக்காய், கரும்பு, தேங்காய், நெல்மூட்டை, முட்டை, கட்டிப்போட்ட கோழி எல்லாம் பலிபீடத்துக்கு முன்னால் வந்து சேரும். ஆராதனை முடிந்ததும் ஏலம். ஒரு பூசணிக்காய் ஐந்நூறு ரூபாய்க்குப் போகும். ஒரு எலுமிச்சம்பழத்தை ஆயிரத்துக்கு ஏற்றி விடுகிற ஆட்களும் உண்டு. சிறுவயதில் கிறிஸ்துமஸுக்கு அடுத்தபடியாக எங்களுக்குப் பெரிய கொண்டாட்டம் அதுதான்.

கொஞ்சம் வளர்ந்த பிறகுதான் ஒன்று உறைத்தது. எங்கள் காலனியில் யாருக்கும் நிலம் கிடையாது. அந்தப் பூசணிக்காய் முந்தின நாள் சந்தையில் வாங்கியது. வாழைக்குலை மண்டியில் வாங்கியது. ஒரு முறை ஆயாவிடம் கேட்டோம்: "இதுல நாம அறுத்தது இன்னா ஆயா இருக்குது?"

ஆயா சொன்னாள்: "அறுத்தது எல்லாமே நாமதாண்டா. நெலந்தான் நம்மளுது இல்ல."

"நாங்கள்" என்று இங்கே எழுதுகிறவர்கள் யார் என்று சொல்லிவிடுகிறோம். பாலாற்றங்கரைக் காலனி ஒன்றில், சபையின் வாலிபர் சங்கத்தில் வளர்ந்தவர்கள். பிறகு அம்பேத்கரை வாசித்து இயக்கத்துக்கு வந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பாட்டுப் புத்தகமும் மாலையில் துண்டறிக்கையுமாக அலைகிறவர்கள். இரண்டு பக்கத்திலும் எங்களைச் சந்தேகமாகப் பார்க்கிறார்கள். "சுற்றுச்சூழல் எல்லாம் வயிறு நிறைஞ்சவங்க பிரச்சனை தோழர், நமக்குச் சாதிதான் பிரச்சனை" என்று இயக்கத்தில் சிலர் சொல்கிறார்கள். "சாதி எல்லாம் அரசியல் தம்பி, சபைக்குள்ள கொண்டுவராதீங்க" என்று சபையில் சிலர் சொல்கிறார்கள். இரண்டு பேருக்கும் ஒரே பதில்தான் எங்களிடம் இருக்கிறது. அந்தப் பதிலை எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு சாவு.

காலனியில் எல்லோரும் அவரைப் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவோம். கூலி வேலைக்காரர். கிடைத்த வேலைக்குப் போவார். ஒரு விடுமுறை நாளில் தோல் கம்பெனி ஒன்றில் செப்டிக் டேங்க் அள்ள ஆள் கேட்டார்கள். மூன்று பேர் போனார்கள். தொட்டியில் கக்கூஸ் கழிவோடு தோல் கழுவிய தண்ணீரும் கலந்து கிடந்திருக்கிறது. முதலில் இறங்கிய பையன் இரண்டு நிமிடத்தில் சுருண்டு விழுந்தான். பெரியப்பா இறங்கி, அவன் இடுப்பில் கயிற்றைக் கட்டி மேலே இருந்தவனை இழுக்கச் சொன்னார். பையன் பிழைத்துக்கொண்டான். பெரியப்பா மேலே வரவில்லை.

தோழர்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். தோலிலிருந்து முடியை நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு போடுவார்கள். அந்தத் தண்ணீர் அமிலத்தோடு சேர்ந்தாலும், கழிவு காற்றில்லாமல் பல நாள் அழுகினாலும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு உண்டாகும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் போய்விட்டது என்று நினைக்கிற நேரம்தான் சாகிற நேரம். காற்றைவிடக் கனமான வாயு என்பதால் அடியில் போய்த் தங்கும். காப்பாற்ற இறங்குகிறவர்கள் வரிசையாகச் சாவது இதனால்தான்.

அடக்க ஆராதனையில் ஆயர், நண்பனுக்காக உயிரைக் கொடுக்கிற அன்பைப் பற்றிப் பிரசங்கித்தார். அழுதோம். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு அந்தப் பிரசங்கம் எங்களை உறுத்தத் தொடங்கியது. பெரியப்பா பையனைக் காப்பாற்றியது உண்மை. ஆனால் அவர் அன்றைக்கு உயிரைக் கொடுக்கப் போகவில்லை. கூலிக்குப் போனார். ஆளை இறக்கவே கூடாத குழியில் அவரை இறக்கினார்கள். இறக்கியவர்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் இறந்தவரைத் தியாகி ஆக்கிவிட்டால், கொலையின்மேல் பூ தூவிய மாதிரி ஆகிவிடாதா?

அந்த அடக்கமே ஒரு சிக்கலில்தான் நடந்தது. இந்துக்கள் தவிர வேறு மதத்தவரைப் பட்டியல் சாதியாகக் கருத முடியாது என்று 1950 ஆகஸ்ட் 10 அன்று குடியரசுத் தலைவர் ஆணை வந்தது. 1956இல் சீக்கியர்களையும் 1990இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இன்றுவரை வெளியேதான். எங்கள் மாதிரிக் காலனிகளில் சர்டிபிகேட்டில் ஒரு பெயர், ஞானஸ்நானத்தில் ஒரு பெயர் என்று வாழ்கிற குடும்பங்கள் எத்தனையோ. பெரியப்பாவும் தாளில் இந்து ஆதிதிராவிடர். பட்டியல் சாதியினரை மலம் அள்ள வைப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தப்படி குற்றம். ஆனால் ஆயர் முன்னின்று அடக்கம் செய்தால், "இவர் கிறிஸ்டியன், அந்தச் சட்டம் பொருந்தாது" என்று கம்பெனிக்காரன் வக்கீல் சொல்வானோ என்று வீட்டார் பயந்தார்கள். பெரியம்மா கேட்ட கேள்வி எங்கள் காதில் இன்னும் இருக்கிறது: "சிலுவை நட்டா கேஸ் நிக்காதாப்பா?"

குழிக்குள் இறக்கும்போது யாரும் அவருடைய மதத்தைக் கேட்கவில்லை. சாதியை மட்டும் பார்த்தார்கள். நியாயம் கேட்கும்போதுதான் மதம் வந்து குறுக்கே நிற்கிறது.

சிலுவையை நட்டோம்.

இரண்டு வாரம் கழித்துச் சபையில் சுற்றுச்சூழல் ஞாயிறு. செப்டம்பர் 1 முதல் அக்டோபர் 4 வரையிலான நாட்களைப் படைப்பின் காலம் என்று உலகம் முழுக்கப் பல திருச்சபைகள் அனுசரிக்கின்றன. எங்கள் சபையிலும் ஐந்து வேப்பங்கன்று நட்டார்கள். நாம் தேவனுடைய உக்கிராணக்காரர்கள், பூமியை நம் கையில் ஒப்புவித்திருக்கிறார், பிளாஸ்டிக்கைக் குறையுங்கள் என்று பிரசங்கம். பெரியப்பாவைப் பற்றி ஒரு வரி இல்லை.

ஆராதனை முடிந்து ஆயரிடம் போனோம். "ஐயா, ரெண்டு வாரத்துக்கு முன்னாடி அடக்கம் பண்ண பெரியப்பாவைப் பத்தி ஒண்ணுமே சொல்லலையே?"

"அது வேற விஷயம் தம்பி. இது சிருஷ்டிப்பைப் பத்தின ஞாயிறு."

"பெரியப்பா சிருஷ்டிப்பு இல்லையா ஐயா?"

அவர் பதில் சொல்லவில்லை. அவரை வில்லனாக்க விருப்பமில்லை. அவரும் ஒரு சேரியில் பிறந்து வந்தவர்தான். கமிட்டியில் தோல் கம்பெனிகளுக்குச் சரக்கு ஏற்றி இறக்குகிறவர்களும் இருக்கிறார்கள். அவருக்கும் மாற்றல் உண்டு, பிள்ளைகள் படிப்பு உண்டு. கொஞ்ச நேரம் கழித்து, "அடுத்த வாரம் வாலிபர் கூட்டத்துல நீங்களே வேத பாடம் எடுங்க, நானும் வந்து உக்காருறேன்" என்றார். உட்கார்ந்தார்.

நாங்கள் எடுத்தது காயீன், ஆபேல் கதை. சின்ன வயதிலிருந்து கேட்டதுதான். ஆனால் அன்றைக்குத்தான் அதில் மண் எத்தனை இடத்தில் வருகிறது என்று கவனித்தோம். தம்பியைக் கொன்றுவிட்டு எனக்கென்ன தெரியும் என்று நிற்கிறான் அண்ணன். கொலையைக் காட்டிக்கொடுப்பது மண். சிந்திய ரத்தம் மண்ணிலிருந்து கூப்பிடுகிறது. அதற்குப் பிறகு அந்த மண் கொலைகாரனுக்கு விளைச்சல் தர மறுக்கிறது. அதாவது மனிதனைக் கொன்ற குற்றமும் நிலம் மலடான கேடும் வேதத்தில் இரண்டு தனித்தனிப் பாடங்கள் அல்ல. முதல் கொலையிலேயே இரண்டும் ஒன்றாகத்தான் வருகின்றன. ஆதாம் என்ற பெயரே மண்ணைக் குறிக்கும் எபிரேயச் சொல்லோடு ஒட்டியது என்று ஆயர் எடுத்துச் சொன்னார். மண்ணால் ஆனவனை மண்ணிலிருந்து பிரித்துப் பேச முடியாது.

அடுத்த வாரம் நாபோத் கதை. அரண்மனைக்குப் பக்கத்தில் ஒரு சாதாரண ஆளுக்கு முன்னோர் வழியில் வந்த திராட்சைத் தோட்டம். ராஜா ஆகாப் அதைக் கேட்கிறான். எதற்கு? காய்கறித் தோட்டம் போட! நாபோத் தர மறுக்கிறான். பொய்ச் சாட்சி வைத்து, கல்லெறிந்து கொன்று, நிலத்தை எடுத்துக்கொள்கிறார்கள். ராஜாவின் தோட்டமும் பச்சையாகத்தான் இருந்திருக்கும். பச்சையாக இருப்பது எல்லாம் நீதியாக இருக்காது என்பதற்கு இதைவிடப் பழைய உதாரணம் எங்களுக்குத் தெரியாது.

இப்போது எங்கள் ஆற்றுக்கு வருவோம். பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைகளின் கழிவைப் பற்றி வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பு வந்தது. மாசுபடுத்தியவனே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதியாக நிலைநிறுத்திய தீர்ப்பு அது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுமையாகவோ கெட்டுவிட்டது என்ற கணக்கு அதில் இருக்கிறது. சட்டம் படிக்கிற தோழர்கள் இதைப் படித்திருப்பீர்கள். எங்களுக்கு அதில் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. நிலம் கெட்டால் பட்டா வைத்திருப்பவரிடம் காட்டத் தாள் இருக்கிறது. அந்த நிலத்தில் நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்க் கஞ்சி குடித்த ஆயாவிடம் என்ன தாள் இருக்கிறது? நிலம் செத்ததும் கழனி வேலை செத்தது. கழனி வேலை செத்ததும் எங்கள் ஆட்கள் எந்தக் கம்பெனி நிலத்தைக் கெடுத்ததோ அதே கம்பெனிக்குள் தோல் சுமக்கவும் தொட்டி அள்ளவும் போனார்கள். ஆற்றைக் கொன்ற அதே கழிவுதான் பெரியப்பாவையும் கொன்றது. இதை இரண்டு பிரச்சனையாகப் பிரிக்கிறவர்கள் தயவுசெய்து எங்களுக்குப் பிரித்துக் காட்டுங்கள்.

2015 ஜனவரி 31 விடியற்காலையில் ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் கழிவுச் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். சுற்றுச்சூழலைக் காப்பாற்றக் கட்டிய நிலையம்தான் அது. ஆற்றைச் சுத்தம் செய்கிற இடத்திலும் தொழிலாளியின் உயிருக்குக் காவல் இல்லை என்றால் அது என்ன சுத்தம்?

அதே ஆண்டில் போப் பிரான்சிஸ் 'லவ்தாத்தோ சி' என்ற சுற்றுமடலை வெளியிட்டார். நாங்கள் கத்தோலிக்கர்கள் இல்லை. ஆனாலும் உட்கார்ந்து படித்தோம். பூமியின் அழுகையும் ஏழைகளின் அழுகையும் சேர்த்தே கேட்கப்பட வேண்டும் என்பது அதன் மையம். விலங்குகளைக் கடத்துவதை எதிர்த்துவிட்டு மனிதர்களைக் கடத்துவதைப் பற்றிக் கவலைப்படாமல் இருப்பது முரண் என்கிறது. கருவிலிருக்கும் சிசுவையும் அதே மூச்சில் பேசுகிறது. நம் சபைகளில் 'உயிரின் புனிதம்' என்றால் அந்தக் கடைசி விஷயத்தோடு பேச்சு முடிந்துவிடுகிறது. செப்டிக் டேங்கில் இறங்குகிறவரின் உயிர் அந்தத் தலைப்புக்குள் வருவதில்லை. பிறக்கும் முன்பு அவ்வளவு புனிதமாக இருந்த உயிர், சேரியில் பிறந்து வளர்ந்த பிறகு எங்கே மலிவாகிறது? உயிரை மதிப்பதாகச் சொல்கிற சபை இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது.

உக்கிராணக்காரன் என்ற சொல்லையும் விட்டுவிடக் கூடாது. இன்னொருவருடைய சொத்தைக் காத்துப் பங்கிட்டுக் கொடுக்கிறவன் என்று பொருள். தமிழ்நாட்டு ஏரிப் பாசனத்தில் மதகைத் திறந்து, மடை பார்த்து, கடைமடை வரை தண்ணீர் பங்கிட்டவர்கள் நீர்கட்டிகள். பல ஊர்களில் அந்த வேலை தலித்துகளுடையது. ஏரி நிரம்பினால் ராத்திரியெல்லாம் கரையில் காவல் இருந்தவர்கள். ஊருக்கெல்லாம் தண்ணீர் பங்கிட்டவனுக்கு ஊர்க் கிணற்றில் தண்ணீர் மொள்ள உரிமை இல்லை. பூமியை எப்படிக் காப்பது என்று எங்களுக்குப் பிரசங்கம் பண்ணத் தேவையில்லை. காத்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். இயக்கத் தோழர்களுக்கும் இதே பதில்தான். 1927 மார்ச் 20 அன்று மகாத் குளத்தில் அம்பேத்கர் இறங்கித் தண்ணீர் அள்ளிக் குடித்தாரே, அது சாதிப் போராட்டமா, தண்ணீர்ப் போராட்டமா? பிரிக்கவே முடியாது.

சபைக்குள் சாதி பேசாதே என்கிறவர்களுக்கு ஒரு வரலாறு. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர் 1891இல் பறையர்களின் நிலைமை பற்றி அறிக்கை எழுதினார். அதைத் தொடர்ந்து 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. சுமார் 12 லட்சம் ஏக்கர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. முதல் பத்தாண்டுகளுக்கு விற்கக் கூடாது, பிறகும் தலித் அல்லாதவருக்கு விற்க முடியாது. ஆடம் ஆண்ட்ரு, வில்லியம் கௌடி போன்ற மிஷனரிகள் அந்தக் காலத்தில் இந்த மக்களுக்கு நிலம் வேண்டும் என்று எழுதியும் பேசியும் வந்தார்கள். ஆத்துமாவுக்குப் பரலோகம் போதும் என்று அவர்கள் சொல்லவில்லை. நூறு ஆண்டு கழித்து, காரணை பஞ்சமி நிலத்தை மீட்கும் போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரை இழந்தார்கள். நாபோத்தின் கதை இஸ்ரவேலோடு முடிந்துவிடவில்லை.

மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் இருந்த தியாபிலஸ் அப்பாவு, எங்களுக்குப் பறட்டை, ஒரே உலையில் எல்லோரும் பொங்கித் தின்பதையே வழிபாடாகப் பேசினார். அதை நினைத்துத்தான் அந்த ஆண்டு அறுப்பின் பண்டிகைக்கு இரண்டு கோரிக்கைகளோடு கமிட்டியிடம் போனோம். சந்தையில் வாங்கிய பூசணிக்காய்களுக்கு நடுவில் எங்கள் காலனிக் கிணற்றுத் தண்ணீரை ஒரு குடத்தில் வைக்க வேண்டும். உப்பேறி, வாயில் வைக்க முடியாத தண்ணீர். அதுதான் எங்கள் நிலத்தின் உண்மையான அறுப்பு. இரண்டாவது, அந்த ஆண்டு ஏலப் பணம் சுற்றுச்சுவர் டைல்ஸுக்குப் போகாமல் பெரியம்மாவின் வழக்குச் செலவுக்குப் போக வேண்டும்.

மூன்று கூட்டம் சண்டை நடந்தது. "தேவ சந்நிதியில கெட்ட தண்ணிய வைக்கலாமா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். பின் வரிசையிலிருந்து ஆயாதான் எழுந்தாள்: "நாம அததான் குடிக்கிறோம் நைனா. நாம குடிக்கிறத அவரு பாக்கட்டும்."

குடம் வைத்தோம். டைல்ஸ் பணத்தில் பாதி கிடைத்தது. அதுவரைக்கும்தான் வெற்றி. முதல் தகவல் அறிக்கையில் கால் தவறி விழுந்ததாக எழுதியிருந்தார்கள். கம்பெனி ஒரு சின்னத் தொகையைக் கொடுத்துத் தாளில் கையெழுத்து வாங்கப் பார்த்தது. பெரியம்மா போடவில்லை. வழக்கு இன்னும் நடக்கிறது. நட்ட ஐந்து வேப்பங்கன்றில் இரண்டு பிழைத்திருக்கின்றன. அவற்றுக்கும் தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் இருக்கிறோம். மரம் நடுவதை நாங்கள் எதிர்க்கவில்லை தோழர்களே. மரத்துக்கு ஊற்றுகிற தண்ணீரைப் பற்றியும், அந்தத் தண்ணீருக்காகச் செத்தவனைப் பற்றியும் சேர்த்துப் பேசச் சொல்கிறோம்.

உங்களால் செய்ய முடிகிற சில வேலைகள் இருக்கின்றன. கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒரு முறை முழுசாகப் படியுங்கள். சாக்கடை, செப்டிக் டேங்க் மரணங்களுக்கு 10 லட்சம் இழப்பீடு என்று 2014இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. இது தெரியாமல்தான் குடும்பங்கள் ஒன்றிரண்டு லட்சத்துக்குக் கையெழுத்துப் போடுகின்றன. உங்கள் பகுதியில் ஒரு சாவு நடந்தால், கையெழுத்துக்கு முன்னால் போய்ச் சேருங்கள். உங்கள் ஊர்ப் பஞ்சமி நிலம் எந்தச் சர்வே எண், இப்போது யார் கையில் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். சபைக்குப் போகிறவர்கள், அடுத்த சுற்றுச்சூழல் ஞாயிறன்று இந்த ஊர்க் கழிவை அள்ளுகிறவர் யார், அவர் பெயர் என்ன என்று சபையாரைக் கேளுங்கள். பெயர் தெரியவில்லை என்றால் அங்கிருந்து தொடங்குங்கள்.

பெரியப்பாவின் கல்லறைச் சிலுவையில் அவருடைய இரண்டு பெயர்களையும் எழுதியிருக்கிறோம். சர்டிபிகேட்டில் இருந்த பெயர், ஞானஸ்நானத்தில் வைத்த பெயர். எந்தச் சட்டம் எந்தப் பெயரைக் கேட்டாலும் செத்தது ஒரே மனிதர்தான்.

ஜெய் பீம்.